ஈறு நிறத்து லாரி

1981 அக்டோபர் 13, செவ்வாய்க்கிழமை. காலை ஆறு மணிக்கு லுபோஷ் ஆரஞ்சு நிற லியாஸ் லாரியில் கண்ணாடிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு, அப்போது கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த எங்கள் ஊர் பிரெரோவிலிருந்து கிளம்பினார். இத்தாலித் துறைமுகத்தில் சரக்கை இறக்கி, லாரியை ஒழுங்காக நிறுத்திப் பூட்டிவிட்டு நடந்து போனவர்தான், திரும்பவில்லை. பிறகு கனடாவில் குடியேறிவிட்டார் என்று தெரிந்தது.

அவருடைய அக்கா யர்மிலா எங்கள் எதிர் வீடு. பல் கட்டும் கூடத்தில் வேலை. அந்த நவம்பரில் ரகசியப் போலீசார் அவரைக் கூப்பிட்டு, "என் தம்பி செய்தது துரோகம்" என்று எழுதிய தாளை நீட்டினார்கள். கையெழுத்துப் போட்டார். ஆட்சி மாறி, பழைய போலீஸ் கோப்புகளைப் பார்க்கலாம் என்று ஆனபோது, லுபோஷ் தன் கோப்பை வரவழைத்து, அதிலிருந்த அந்தத் தாளைப் படித்தார். அன்றிலிருந்து அக்காவின் கடிதம் எதற்கும் பதில் இல்லை.

ஓய்வு பெற்ற பிறகு யர்மிலா அத்தை அந்த லாரியின் சின்ன மாதிரியைச் செய்ய உட்கார்ந்தார். நிஜ அளவில் இருபத்து நான்கில் ஒரு பங்கு. பக்கத்து ஊர்ப் பழைய இரும்புக் கடையில் அதே வகை லாரி ஒன்று துருப்பிடித்துக் கிடந்தது. பல்லை அளக்கும் இடுக்கியோடு நான்கு சனிக்கிழமை போய் அளந்து வந்தார். ஓட்டுநர் அறையை மெழுகில் செதுக்கி, பல்லுக்கு அச்சு எடுப்பதுபோல அச்சு எடுத்து, பல் செட்டுக்கு ஊற்றும் பிசினை அதில் ஊற்றினார். அச்சிலிருந்து வந்தது ஈறு நிறத்தில் ஒரு லாரி முகம்.

"யர்மிலா, உன் லாரி சிரிக்குது. பல்லு வெக்க மறந்துட்டியா?" என்றார் கணவர் ஓல்டா.

"முதல்ல உங்க பல்லக் கழட்டிக் குடுங்க, வெச்சுடறேன்."

அந்த லாரியில் ஓட்டுநர் அறையை அப்படியே முன்னால் கவிழ்த்தால்தான் அடியில் இருக்கும் என்ஜின் தெரியும். பல் கம்பியை வளைத்து அத்தை அதற்குக் கீல் செய்தார். என்ஜினுக்கு மட்டும் ஒரு குளிர்காலம் ஆனது.

"ஒட்டித் தொலையேன். யாரு தூக்கிப் பாக்கப் போறா?" என்றார் ஓல்டா.

"அவன் பாப்பான். அவனுக்கு வெளிப் பூச்சு பெருசில்ல."

2016-இல் நான் கனடாவுக்குக் கிளம்பியபோது அந்தக் குட்டி லாரியை வைத்த பெட்டி என் மடிக்கு வந்தது. "நீதான் ஊர் ஊரா சுத்துறியேடி, இதையும் கொண்டுபோய்க் குடுத்துடு. என்னப் பத்திப் பேசாத. மன்னிப்பும் கேக்காத, அது நான் கேக்க வேண்டியது."

லுபோஷ் வாசலிலேயே வாங்கிக்கொண்டார். திறந்து பார்க்கவில்லை.

ஊர் திரும்பியதும் அத்தை என்னைச் சமையலறையில் பிடித்துக்கொண்டார்.

"என்னடி சொன்னான்?"

"நன்றின்னாரு."

"வேற?"

"என் கோட்டப் பாத்து, இந்த ஊர்க் குளிருக்கு இது பத்தாதும்மான்னாரு."

அத்தை எனக்கு இன்னொரு கரண்டி பூண்டு சூப் ஊற்றினார். "அப்படியா சொன்னான்?" என்று திரும்பக் கேட்டார். அதற்குப் பிறகு மூன்று வருடத்தில் அதையே எத்தனையோ முறை என்னைச் சொல்ல வைத்திருப்பார். நான் மறுபடி ஊர் சுற்றப் போனபோது தொலைபேசியிலும் கேட்பார்.

2020 மார்ச்சில் அவருடைய கைபேசிக்கு ஒரு செய்தி வந்தது. கண்ணாடி கிடைக்காத பதற்றத்தில் என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். படித்தேன்:

"அக்கா, பெட்டிய நேத்துதான் பிரிச்சேன். கேபினத் தூக்கினதும் கியர்க் கம்பி உடைஞ்சு போச்சு. தூக்குறதுக்கு முன்னாடி நியூட்ரல்ல போடணும், நீ முதல் கியர்ல ஒட்டி வெச்சிருக்க. உன் மேல தப்பில்ல, உனக்கு யாரு சொல்லியிருப்பா? கம்பிய மாத்திட்டேன். அந்தத் தாள்ல நானா இருந்தாலும் கையெழுத்துப் போட்டிருப்பேன், இத எழுதத்தான் இத்தன வருஷம் ஆச்சு. விமானம் ஓடத் தொடங்கினதும் வரேன்."