ரோஸ்மேரி சொல்லிவிட்டுப் போட்ட ஓட்டு

ரோஸ்மேரி அக்கா எங்கள் பேரூராட்சியில் வார்டு உறுப்பினர். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. சாத்தான்குளத்துப் பக்கமிருந்து கல்யாணமான கையோடு பிழைக்க வந்தவர். வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது கம்பெனி முதலாளியே கூப்பிட்டு, "நம்ம கட்சிக்கு ஒரு ஆள் வோணும், நில்லும்மா" என்றார். கட்சியில் அவர் பெரிய ஆள். கணவர் இறந்த பிறகு மகள் ஆஷாவின் நர்சிங் படிப்பு அந்தக் கம்பெனிச் சம்பளத்தில்தான் நடந்துகொண்டிருந்தது. எப்படி மறுப்பது என்று தெரியாமல் நின்றார். ஜெயித்தும் விட்டார்.

அதன் பிறகு அவர் அசதி இல்லாமல் இருந்து நான் பார்த்ததில்லை. எங்கள் லைன் வீட்டில் அவருக்கு அடுத்த வீடு எங்களுடையது. வேலை முடிந்து வந்து செருப்பைக் கழற்றும் முன்பே சாக்கடை, தெருவிளக்கு என்று யாராவது வாசலில் நிற்பார்கள். "சொல்லுதேன், நாளைக்குப் போய்ச் சொல்லுதேன்" என்பார். சொல்லவும் செய்வார்.

போன வருடம் துணைத் தலைவர் இறந்துபோனார். அந்தப் பதவிக்குக் கட்சி தன் உறுப்பினர்களில் சசிகுமாரை அறிவித்தது. உறுப்பினர்கள்தான் ஓட்டுப் போட வேண்டும். மன்றத்தில் அந்தக் கட்சிக்கே பெரும்பான்மை.

சசிகுமார் ஒரு லேடீஸ் ஹாஸ்டல் நடத்துகிறார். ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்த பெண்களை அதில் வைத்து, வெளியே பூட்டிச் சாவியைக் கொண்டுபோய்விடுவார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒட்டியிருந்த பனியன் வேஸ்ட் குடோனில் தீப்பிடித்தது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்தப் பெண்கள் அலறினார்கள். எதிர்க்கட்சி உறுப்பினர் கிட்டுசாமிதான் கடப்பாரையால் பூட்டை உடைத்தார். அவரை மேடையில் ஜென்மப் பகைபோலத் திட்டும் இன்னொரு கட்சி உறுப்பினர் முருகேஷ் உள்ளே ஓடினார். சர்ச்சிலிருந்து வந்துகொண்டிருந்த ரோஸ்மேரி அக்கா தன் சேலை முந்தானையை நனைத்து ஒரு பெண்ணின் வெந்த கையில் சுற்றினார். "கேட்டு திறந்துதானுங்க இருந்துச்சு" என்று போலீசிடம் சொன்னார் சசிகுமார். கேஸ் அப்படியே நின்றுபோனது.

அந்த ஆள் துணைத் தலைவரா என்று எல்லாக் கட்சியிலும் முணுமுணுத்தார்கள். கிட்டுசாமியும் முருகேஷும் ஒரே பேக்கரியில் உட்கார்ந்து பேசினார்கள் என்பதே ஊருக்குச் செய்தி. சுயேச்சை உறுப்பினர் பொன்னாத்தாளை நிறுத்துவது என்று முடிவானது. சசிகுமாரின் கட்சியிலிருந்தே சில ஓட்டுகள் வந்தால்தான் அவர் ஜெயிக்க முடியும்.

சசிகுமாருக்கும் இது தெரிந்துவிட்டது. தன் கட்சி உறுப்பினர்களை வேனில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோய், சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தார். ரோஸ்மேரி அக்காவை மட்டும் மாதா சிலை வைத்த கெபிக்குக் கூட்டிப்போய், அவரே ஒரு மெழுகுவத்தியும் வாங்கிக் கொடுத்தார். அக்கா சி.எஸ்.ஐ. சபை. அவர்கள் மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றுவதில்லை. அதைச் சொல்ல வாயெடுத்திருக்கிறார். "உங்க மொதலாளியும் சொல்லியுட்டாருங்க" என்று சசிகுமார் சொன்னதும், அக்கா அதை ஏற்றி, ஓட்டு உங்களுக்குத்தான் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

விஷயம் கேள்விப்பட்ட கிட்டுசாமி சிரித்துக்கொண்டே வந்தார்.

"ஏனுங்க அம்மிணி, சாமியை மாத்திக் கூட்டிப் போயிட்டானாமா? அப்பறம் என்னங்க, அது உங்க சபையே இல்லையே. அந்தச் சத்தியம் செல்லாதுங்க."

"சபை வேறண்ணே. சொன்ன வாயி என் வாயிதானே."

"அப்ப அவனுக்கே போடறீங்களா?"

"அந்தப் பிள்ளை கையைப் பாத்திருக்கேன். எப்படிப் போடுவேன்?"

"அவ்வளவுதானுங்க. ரகசிய ஓட்டு. போட்டுட்டுப் பேசாம ஊட்டுக்குப் போங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

சத்தியமே பண்ணக் கூடாது என்றுதான் அவர்கள் வேதத்தில் இருக்கிறது, பண்ணியதும் தப்பு, அதை ஒளித்து மீறுவது இன்னொரு தப்பு என்று அக்கா பிறகு என்னிடம் சொன்னார்.

ஓட்டெடுப்பு நாளில் எல்லாரும் உள்ளே போகும்போது அவர் வராந்தாவில் சசிகுமாரை நிறுத்தினார். நான் தண்ணீர் இணைப்பு மனுவோடு அங்கே நின்றிருந்தேன்.

"அண்ணே, அன்னைக்குக் கெபியில வச்சு உங்களுக்குப் போடுதேன்னு சொன்னேன்லா. அதை இல்லன்னு வச்சுக்கிடுங்க. நான் போட மாட்டேன்."

சசிகுமார் முதலில் சிரித்தார். "என்னங்க ரோஸ்மேரி, வெளையாட்டா?"

"இல்லண்ணே."

"உங்க மொதலாளிக்குப் போனைப் போடட்டுங்களா?"

"போடுங்க" என்றார் அக்கா. குரல் அவருக்கே கேட்டிருக்குமா என்று தெரியவில்லை.

பதினைந்து ஓட்டில் சசிகுமாருக்கு விழுந்தவை மூன்று. எண்ணிய அலுவலரே இன்னொரு முறை எண்ணினாராம். சூடம் அணைத்த கைகளில் பெரும்பாலானவை பொன்னாத்தாளுக்குப் போட்டிருந்தன. வாசலில் எந்தக் கட்சி வெடி என்று தெரியாமல் வெடித்தார்கள். ஆனால் எதிர்த்துப் போட்டது யார் என்று கட்சிக்குத் தெரிந்த ஒரே பெயர் ரோஸ்மேரி. அன்று சாயங்காலமே கட்சியிலிருந்து நீக்கம். மறுநாள் கம்பெனி கேட்டில் வாட்ச்மேன் காசிமாயன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "உள்ள விடக் கூடாதுன்னுட்டாங்கக்கா" என்றார்.

அன்று மாலை சசிகுமார் கட்சி உறுப்பினர் ராசப்பன் வந்தார். வண்டியை விட்டு இறங்கவில்லை.

"நானும் பொன்னாத்தாளுக்குத்தானுங்க போட்டேன். எங்காளுங்க முக்காவாசிப் பேரும் அப்படித்தான். நீங்க மட்டும் ஏனுங்க போய்ச் சொன்னீங்க?"

"உங்களுக்கு உறுத்தலையாண்ணே?"

"உறுத்துச்சுங்க. அதுக்காகச் சொல்லோணுமா? எனக்கும் குடும்பமிருக்குதுங்க."

"நான் சொல்லுங்கன்னு சொல்லலையே. தண்ணி குடிக்கீங்களா?"

வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

வேலம்பாளையத்தில் ஒரு சின்ன யூனிட்டில் பீஸ் ரேட்டுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நான்தான் விசாரித்துச் சொன்னேன். காலையில் கிளம்பிப் போனார். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்ததாம். அப்படியே தூங்கிவிட்டார். இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டி இரண்டு ஸ்டாப் போன பிறகு கண்டக்டர் எழுப்பியிருக்கிறார். வெயிலில் நடந்தே திரும்பிப் போய் வேலைக்குச் சேர்ந்தார்.