நர்ஸம்மா பல்லைப் பற்றிப் பேசினார்

தென்காசியில் நான் எட்டாம் வகுப்பு படித்தபோது, வயதுக்கு வரும் பெண்பிள்ளைகளுக்கு உடம்பைப் பற்றி விளக்கிச் சொல்ல ஆஸ்பத்திரி நர்ஸம்மாவைத் தலைமையாசிரியை அழைத்திருந்தார். அது கூடுமா கூடாதா என்று முடிவு செய்யப் பெற்றோர் கூட்டம் கூடியது. எங்கள் காதில் விழக் கூடாத பேச்சு என்பதால் கட்டடத்துக்குள் வைக்காமல் வேப்பமரத்தடியில் வைத்தார்கள். மரம் எங்கள் வகுப்பு ஜன்னலுக்கு நேர் எதிரே இருந்தது.

அப்பாவுக்கு வேலை ஒழியாததால் அம்மாவின் அண்ணன், என் மாமா, வந்திருந்தார். அதிகம் பேசியவரும் அவர்தான்.

"தெரியாத புள்ளைக்கு எதுக்குத் தெரிய வைக்கீய? தெரிஞ்சாத்தான் புத்தி அங்கன போவும். ஒழுக்கத்தச் சொல்லிக் குடுங்க, போதும்."

"நாம சொல்லாட்டா வராமலா இருக்கும் அண்ணாச்சி?" என்றார் நர்ஸம்மா.

"வரும்போது வரட்டும். வீட்ல பொம்பளைய இருக்காவல்லா?"

வீட்டுப் பெண்களோ, பள்ளிக்கூடத்தில் சொல்லிவிடுவார்கள் என்று நிம்மதியாக இருந்தார்கள். மாதாமாதம் பின்கட்டில் ஏன் ஒதுங்கி உட்காருகிறாய் என்று கேட்டால், காக்கா தொட்டுவிட்டது என்பாள் அம்மா.

கடைசியில் சமரசம் ஏற்பட்டது. நர்ஸம்மா பல்லைப் பற்றியும் பேனைப் பற்றியும் பேசலாம். மிச்சத்தை ஒழுக்கம் என்ற தலைப்பில் தமிழ் டீச்சர் பார்த்துக்கொள்வார். பார்த்துக்கொண்டார். குனிந்த தலை நிமிரக் கூடாது, ஆண்கள் பேச்சுக்குச் சிரிக்கக் கூடாது, மீறினால் உடம்பே காட்டிக்கொடுத்துவிடும் என்றார். எப்படிக் காட்டிக்கொடுக்கும் என்று கேட்டவளைப் பெஞ்சின் மேல் ஏற்றினார்.

சாரல் தொடங்கியதும் வீட்டோடு குற்றாலம் போனோம். பஸ்ஸில் மாமா கையிலிருந்த குடையைப் பார்த்த கண்டக்டர், "அருவில குளிக்கப் போறவிய குடை கொண்டு போறத இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றார். நான் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன்.

ஐந்தருவியில் பெண்கள் பக்கம் குளித்துக்கொண்டிருந்தபோது பாவாடையில் ரத்தம் கண்டேன். டீச்சர் சொன்னது இவ்வளவு சீக்கிரம் பலிக்கும் என்று நினைக்கவில்லை. தண்ணீரின் அடியிலேயே நின்றால் யாருக்கும் தெரியாது என்று தோன்றியது. நின்றேன். பல் கிட்டிக்கொண்டது.

"ஏட்டி, வெளிய வா. வெறைச்சுப் போயிருவ" என்று அம்மா கையைப் பிடித்து இழுத்தாள்.

"கண்டக்டர் பேச்சுக்குச் சிரிச்சிட்டேம்மா. இனிமே சிரிக்க மாட்டேன்" என்று அழுதேன்.

அம்மா பாவாடையைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. துண்டை என் இடுப்பில் சுற்றிவிட்டு, "கூறு கெட்டவளே, யார்ட்டயும் சொல்லிராத" என்றாள்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. மாமா சொன்னார். சடங்குக்குப் பந்தல் போட்டு, பத்திரிகை அடித்து, விடிந்ததிலிருந்து ஒலிபெருக்கியில் பாட்டு வைத்து, மேளதாளத்தோடு சீர்த்தட்டுகளைத் தெரு நெடுகச் சுமந்துவரச் செய்து சொன்னார். கதவைச் சாத்திக்கொண்டுகூட எங்களுக்குச் சொல்லக் கூடாத விஷயம், செங்கோட்டை பஸ்ஸில் அந்த வழியே போனவர்களுக்கெல்லாம் தெரிந்தது.

விருந்துக்கு வந்த நர்ஸம்மா என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஒனக்கு வெவரம் சொன்னாவளா தாயி?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் மாமா வந்துவிட்டார்.

"பந்தி போட்டாச்சு நர்ஸம்மா, சாப்பிட வாங்க. இங்கனயுமா பாடம்?"

அடுத்த மாதம் மறுபடியும் ரத்தம் கண்டேன். தலையை நிமிர்த்தாமலே பள்ளிக்கூடம் போய்வந்த மாதம் அது. இந்தத் தடவை யார் பேச்சுக்குச் சிரித்தேன் என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தேன்.