குப்பை டிரம்மில் கிடந்த ஃபில்டர்

என் அக்கா புருஷனை விமானக் கொட்டகையில் எல்லோரும் ‘ஆணி’ என்றுதான் கூப்பிடுவார்கள். அடித்தால் இறங்குவார், பிடுங்கினால் வரமாட்டார். பழைய சின்ன விமானம் வாங்குகிறவர்கள் முதலில் அவரைக் கூட்டிவந்து காட்டுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக இதே வேலை. மூக்கு இரண்டு தடவை உடைந்திருக்கிறது. இரண்டும் விற்க வந்தவர்களின் கைவேலை.

அன்றைக்கு நானும் கூட இருந்தேன். நாலு பேர் உட்காரும் விமானம். வாங்க வந்தவர் மரக்கடைக்காரர். பெண்டாட்டி பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு சாயங்காலமே பறந்துவிடுகிற அவசரம் அவருக்கு. மச்சான் என்ஜினின் ஆயில் ஃபில்டரைக் கழற்றி, தகரத்தை அறுத்து, உள்ளே மடிந்திருந்த காகிதத்தை விரித்தார். என்ஜின் தேய்ந்தால் இரும்புத்தூள் அதில்தான் வந்து ஒட்டும். காகிதம் பளிச்சென்று இருந்தது.

“நான் சொல்லல? பச்சப்புள்ள மாதிரி வச்சிருக்கேன்,” என்றான் விற்கிறவன்.

“பச்சப்புள்ளதான். இன்னிக்குக் காலைல பொறந்தது,” என்றார் மச்சான்.

மச்சான் நேரே மூலையில் இருந்த குப்பை டிரம்முக்குப் போய்க் கையை விட்டார். காலையில் கழற்றிப் போட்ட பழைய ஃபில்டர் அதில் கிடந்தது.

அவ்வளவுதான். விற்கிறவனின் தம்பி, ஆள் கதவு அகலம், டிரம் மூடியை எடுத்து அவர் முழங்கையில் இறக்கினான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் அவன் கழுத்தைப் பிடித்தேன். என் பல் ஒன்று தரையில் விழுந்தது. மச்சான் ஃபில்டரை வயிற்றோடு அணைத்துக்கொண்டு உதை வாங்கினார்.

“மாப்ளே, அறுடா இத,” என்று என் பக்கம் உருட்டிவிட்டார்.

அறுத்தேன். காகிதம் முழுக்க இரும்புத்தூள், என் ரத்தம் சொட்டியும் மினுமினுத்தது. மரக்கடைக்காரர் குனிந்து பார்த்தார். காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

“இவன் போனா என்ன? நாளைக்கு ஒருத்தன் வர்றான்,” என்றான் விற்கிறவன். “அவன் உன்னக் கூட்டிட்டு வரமாட்டான்.”

மச்சான் எழுந்தார். ஒரு கை தொங்கியது, மறு கையில் பெரிய சுத்தியல். அடி தனக்குத்தான் என்று தம்பிக்காரன் பின்வாங்கினான். மச்சான் அவனைத் தாண்டிப்போய் விமானத்தின் புரொப்பல்லரில் போட்டார். மூன்றாவது அடியில் அதன் விசிறி இறக்கை வளைந்தது.

புரொப்பல்லர் அப்படி அடிபட்டது என்று எழுத்தில் ஏறிவிட்டால், என்ஜினை முழுசாகப் பிரித்துப் பார்க்காமல் எந்த மெக்கானிக்கும் கையெழுத்துப் போடமாட்டான். விற்கிறவனுக்கும் அது தெரியும். முகம் செத்துப்போயிற்று.

“போலீசக் கூப்பிடு,” என்றார் மச்சான். “நான்தான் ஒடச்சேன்னு எழுது. விமான நம்பரையும் சேத்து எழுது.”

அவன் அசையவில்லை. நான்தான் போய் போன் பண்ணினேன்.