கம்பளி நூலில் ஒரு ரேடியன்

பழைய ஸ்வெட்டரை உதறியதும் வந்த அந்துருண்டை வாசனை, என்னை எண்பதுகளின் வடநாட்டுக் கிட்வாய் நகர்க் குளிர்கால வெயிலுக்குக் கொண்டுபோய்விட்டது. புல்வெளியில் உட்கார்ந்து அம்மா பின்னிக்கொண்டே பன்னிரண்டாம் வகுப்புக்குப் படிப்பாள். கணக்கில் ஒருமுறை தவறியவள். இந்த முறையும் போனால் படிப்பையே விட்டுவிடுவதாக அப்பாவிடம் சொல்லியிருந்தாள்.

கோணத்தை அளக்கும் ரேடியன்தான் அவளுக்குப் பிடிபடவில்லை. ஒருநாள் சாப்பாட்டுத் தட்டின் நடுவிலிருந்து விளிம்புவரை அளந்து நூலை வெட்டினாள். அந்தத் துண்டை விளிம்போடு வளைத்து மாற்றி மாற்றி வைத்து எண்ணினாள். சரியாக ஆறு.

"புக்குல ஆறும் கொஞ்சமும்னு போட்டிருக்கே!" முகம் வாடிவிட்டது.

"பஹன்ஜி, ஸ்வெட்டர் கப் பனேகா?" ஸ்வெட்டர் எப்போது முடியும் என்று சீண்டினாள் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி மாமி.

அம்மா நூலையே பார்த்தாள். "அட, கம்பளியாச்சே! இழுத்துப் பிடிச்சிருக்கேன், நீண்டுடுத்து."

தளரவிட்டு மறுபடி வைத்தாள். ஆறு முடிந்தும் இடம் மிச்சமிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னை இழுத்துக் காட்டினாள்.

"பாருடி, ஒரு துண்டு பிடிக்கற கோணம்தான் ஒரு ரேடியன். பாதி வட்டத்துக்கு மூணும் சொச்சமும். அதான் நூத்தியெண்பது டிகிரி. அப்போ ஒண்ணுக்கு ஐம்பத்தேழு கிட்ட!"

அந்த முறை அம்மா தேறினாள். ரிசல்ட் வந்த அன்றே அப்பாவிடம், "பி.ஏ. கணக்குக்கு ஃபாரம் வாங்கிண்டு வாங்கோ" என்றாள். அந்தக் குரலை நினைத்தால் இன்றும் எனக்குப் பெருமை தாங்கவில்லை.