பென்சில் புள்ளி

எங்கள் எச்.எம். மிஸ் வருகைப் பதிவேட்டைத் திறந்ததும் முதலில் எடுப்பது பென்சிலைத்தான். பேனா மூடி கழற்றாமல் மேசைமேல் கிடக்கும். வராத பிள்ளையின் பெயருக்கு நேராகச் சிவப்பு மையில் 'ஆப்சென்ட்' போட வேண்டும் என்பது விதி. அவர் போடமாட்டார். அந்தக் கட்டத்துக்குள் கடுகளவு ஒரு பென்சில் புள்ளி வைப்பார். சாயங்காலம் நாலு மணிக்கு அந்தப் புள்ளிமேல் பேனா ஓடும். அத்தோடு அந்தப் பிள்ளை அன்றைக்குப் பள்ளிக்கு வந்ததாகிவிடும். சிவப்பு மைப் புட்டியை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செம்பருத்திப் பூ வரையக் கொடுத்துவிட்டார்.

மாதனூர்ப் பக்கத்து அரசு நடுநிலைப் பள்ளி அது. அதன் மூலை அறையில் நான் சிறப்புப் பயிற்சி மையம் நடத்தினேன். படிப்பை விட்டுவிட்ட பிள்ளைகளைத் தேடிப் பிடித்து, விட்டுப்போனதைச் சொல்லிக்கொடுத்து, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்ப்பதற்கு மத்திய அரசு தரும் நிதியில் ஓடுவது. பள்ளிக்கூடத்தில் என்னை 'சென்டர் டீச்சர்' என்பார்கள். ஒப்பந்த வேலை என்பதால் ஆசிரியர் கூட்டத்தில் எனக்கு ஸ்டூல்தான். அதற்காக நான் முறைத்துக்கொண்டே திரிந்த காலமும் உண்டு. வீடு வீடாகப் போய்க் கணக்கெடுப்பதும் என் வேலை. ஒரு மாதம் தொடர்ந்து வராத பிள்ளை இடைநின்ற பிள்ளை, பட்டியலில் ஏறும். ஏறினால் மையம், புத்தகம், வண்டி வசதி, பெண் குழந்தைகளுக்கு உண்டு உறைவிடப் பள்ளி எல்லாம் கிடைக்கும். ஏறாவிட்டால் ஒன்றும் இல்லை.

மிஸ்ஸின் புள்ளிக்கு ஒரு காரணம் இருந்தது. நான் வருவதற்கு முன்பு ஒருமுறை, நீண்ட நாள் வராத ஒரு பெண்ணின் பெயரை விதிப்படி அடித்தாராம். அடுத்த மாதமே அவளுக்குக் கல்யாணம். "பேர அடிச்சதும், இனிமே கேக்க ஆளில்லன்னு அவங்க வூட்ல நெனச்சிட்டாங்கம்மா. அதுக்கப்புறம் ஒரு பேரகூட நான் அடிச்சதில்ல" என்று என்னிடம் சொன்னார். அதைப் பெருமையாகச் சொன்னாரா வருத்தமாகச் சொன்னாரா என்று அன்றும் புரியவில்லை, இன்றும் புரியவில்லை.

கோடை விடுமுறைக்கு முன்பு ஒரு கணக்கெடுப்பில்தான் அந்த எட்டாம் வகுப்புப் பெண்ணைப் பார்த்தேன். அவள் அம்மா விடிந்ததும் கம்பெனி பஸ்ஸில் ஷூ ஃபேக்டரிக்குப் போய்விடுவார். வீட்டில் அவளும் இரண்டு வயதுத் தம்பியும். ஷூவின் மேல்பாகத் தோலை இங்கே 'அப்பர்' என்பார்கள். ஏஜென்ட் மூட்டையாகக் கொண்டுவந்து போடுவார், வீட்டிலேயே கையால் தைத்துக் கொடுக்க வேண்டும். மெழுகு நூல் அறுக்காமலிருக்க ஆள்காட்டி விரலில் சைக்கிள் ட்யூபை வெட்டிச் சுற்றியிருந்தாள். தம்பி அவள் மடியில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான்.

"இன்னாம்மா, ஸ்கூலுக்கு வர்றதில்லையா?"

"டெய்லி வர்றேனே டீச்சர்."

"இங்கதான உக்காந்திருக்க?"

"எச்.எம். மிஸ் நோட்ல வர்றேன். பேரு போவாதுன்னு எங்கம்மாகிட்ட சொல்லியிருக்காங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எப்போதிலிருந்து என்று கேட்டேன். தீபாவளியிலிருந்து என்றாள். சிரிப்பு போய்விட்டது. உறைவிடப் பள்ளியைப் பற்றிச் சொன்னேன். ஊசியை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தவள், "அங்க தம்பியக் கூட்டிட்டுப் போலாமா டீச்சர்?" என்றாள். அவள் அம்மாவிடம் பேசித் தம்பியை அங்கன்வாடியில் விடச் சம்மதிக்கவைக்க எனக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் பிடித்தன.

வட்டார அலுவலகத்தில் ஒரே ஓர் இடம்தான் காலி என்றார்கள். கம்ப்யூட்டரில் அவள் பெயரைத் தட்டிய எழுத்தர் என்னை ஒருமாதிரி பார்த்தார். "இந்தப் பொண்ணு போன மாசம்கூட ஒரு நாள் விடாம ஸ்கூலுக்கு வந்திருக்கு மேடம். இதெப்படி இடைநிற்றல்?" அவள் மாதக்கணக்கில் பள்ளிக்கு வரவில்லை என்று தலைமையாசிரியர் கடிதம் தர வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள். பெயர் போகக் கூடாது என்று மிஸ் வைத்த புள்ளிகள் வாசற்படியில் குறுக்கே உட்கார்ந்துகொண்டன.

வியாழக்கிழமை மத்தியானம் மிஸ்ஸிடம் போனேன். விஷயத்தைக் கேட்டுவிட்டுப் பதிவேட்டைத் திறந்து பக்கம் பக்கமாகப் புரட்டினார். அவர் நோட்டில் அதுபோல இன்னும் நான்கு பிள்ளைகள் இருந்தார்கள். "ஒரு வரியக் கேட்டாங்கன்னா மொத்த நோட்டையும் கேப்பாங்கம்மா. பேஜாராயிடும்" என்றார். "நோட்ட யாரும் கேக்க மாட்டாங்க மிஸ். லெட்டர் மட்டும்தான்" என்றேன். எனக்கு அது தெரியாது. யாரிடமும் கேட்டுப் பார்க்கவில்லை. கடிதம் வேண்டும், அதற்காகச் சொன்னேன், அவ்வளவுதான். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பேனாவின் மூடியைக் கழற்றி, நிறுத்தி நிதானமாக எழுதினார்.

கையெழுத்துப் போட்டுவிட்டு, கேட்காமலே சொன்னார்: "மொதல்ல எல்லாம் புள்ளி வெச்சன்னா மத்தியானம் நடந்துபோய் அந்தப் புள்ளயக் கூட்டியாந்துருவேன். புள்ளின்னா போய்ப் பாக்கணும்னுதான் அர்த்தம். முட்டி வலி ஜாஸ்தியானதும் போறத நிறுத்திட்டேன். புள்ளிய நிறுத்தல." கடிதத்தை மடித்து என்னிடம் நீட்டினார்.

அந்தப் பெண்ணுக்கு இடம் கிடைத்தது. ஜூன் மாதம் பதிவேடுகளைக் கேட்டார்கள். ஐந்து வரிகளையும் பிடித்தார்கள். விசாரணை நடந்தது, மிஸ்ஸை ஏலகிரி மலைமேல் ஒரு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள், அந்த முட்டி வலியோடு. அவர் விடைபெற்றுக்கொண்டு போன நாளில் நான் மூலை அறையின் கதவைச் சாத்திக்கொண்டு, அவசரமே இல்லாத ஒரு சார்ட்டுக்குப் படம் வெட்டிக்கொண்டிருந்தேன். அவர் வாசலில் ஒரு நிமிடம் நின்றதை நிழலில் பார்த்தேன். கதவைத் தட்டவில்லை. நானும் திறக்கவில்லை. கோழைத்தனம், வேறென்ன.

அந்தப் பெண் இப்போது வாலாஜாபேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பொங்கலுக்குப் பொங்கல் போன் செய்வாள். ஒவ்வொரு முறையும், "எச்.எம். மிஸ் எப்டி இருக்காங்க டீச்சர்?" என்பாள். "நல்லா இருக்காங்கம்மா" என்பேன். பார்த்தவள் மாதிரியே சொல்வேன். போனை வைத்த பிறகு அன்று முழுக்க வீட்டில் ஓரிடத்தில் உட்காரமுடியாது. துவைத்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருப்பேன்.

மையம் இன்னும் அதே மூலை அறையில்தான் நடக்கிறது. டெல்லியிலிருந்து வர வேண்டிய பங்கு வரவில்லை என்கிறார்கள். அவர்களுக்கும் நம் மாநில அரசுக்கும் தகராறு என்கிறார்கள். எங்களுக்குச் சம்பளமும் பிள்ளைகளுக்கு வண்டியும் நின்று மாதங்கள் ஆகின்றன. பிள்ளைகள் எண்ணிக்கை இன்னும் ஒன்று குறைந்தாலும் மையத்தை வேறு ஊரோடு சேர்த்துவிடுவார்கள் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். பள்ளிக்கு வருகையெல்லாம் இப்போது செல்போனில் போகிறது. மையத்துக்கு மட்டும் நோட்டும் உண்டு. எங்கள் பட்டியலில் கடைசிப் பெயர் ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி. பன்னிரண்டு நாளாக வரவில்லை. வண்டி இல்லாமல் அவள் எப்படி வருவாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு, பன்னிரண்டு நாளும் நாலு மணிக்கு, அவள் வந்ததாகப் பேனாவில் கோடு இழுத்திருக்கிறேன். மிஸ்ஸுக்காவது முட்டி வலி இருந்தது. எனக்கு என்ன வலி?

இன்று சனிக்கிழமை, சிறப்பு வகுப்பு. காலையில் நோட்டைத் திறந்தபோது கை தானாகப் பென்சிலுக்குப் போனது. புள்ளி வைத்தேன். மத்தியானம் பிள்ளைகளைச் சாப்பிட உட்காரவைத்து, சத்துணவு அம்மாவிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அவள் வீட்டுக்கு நடந்தேன். வீடு பூட்டியிருந்தது. "செங்கல் சூளைக்குப் போய்ட்டாங்க டீச்சர், குடும்பத்தோட. ஏலகிரி அடிவாரம்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

மிஸ் ஓய்வு பெற்ற பிறகும் மலையிலேயே வீடு எடுத்துத் தங்கிவிட்டதாகக் கேள்வி. நாளை ஞாயிற்றுக்கிழமை. முதல் பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன். முதலில் சூளைக்கு, பிறகு மலைக்கு. அந்தக் கதவை அவர் திறப்பாரா என்று தெரியவில்லை, நான் தட்டுவேன்.

மணி நாலைத் தாண்டிவிட்டது. நோட்டு மேசைமேல் திறந்து கிடக்கிறது. பேனாவை நான் தொடவில்லை. புள்ளி பென்சிலாகவே இருக்கிறது.