முழங்கால்மேல் இருந்த கை

முனுசாமி அண்ணன் இறந்த செய்தியை அவர் மகள் செல்வி கைபேசியில் சொன்னாள். நான் ஓவிய வகுப்பில் இருந்தேன். "அப்பா காலையில போய்ட்டார் சார்" என்றாள். திருத்தணியிலிருந்து பள்ளிப்பட்டுப் பேருந்தில் போகும் வழியெல்லாம், நான் வரைந்த அவருடைய படமே கண்முன் நின்றது.

அவரைத் திரௌபதி வேடத்தில் பார்த்தவர்கள் உங்களில் பலர். அம்மையார்குப்பத்தில் பாரதக் கூத்து முடிந்த ஒரு விடியலில், வேடத்தைக்கூடக் கலைக்காமல் கோயில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சலங்கையை அவிழ்த்துப் பக்கத்தில் வைத்திருந்தார். வலது கை முழங்கால்மேல் இருந்தது. அந்தக் கோலத்தைத்தான் வரைந்தேன். 'நிறைவு' என்று பெயரிட்டேன்.

சென்னையில் ஒரு கண்காட்சியில் வைத்தபோது, சபதம் முடித்த திரௌபதியின் அமைதி அந்த முகத்தில் தெரிகிறது என்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. இரண்டாம் நாள் அண்ணனே மின்சார ரயிலில் வந்து சேர்ந்தார். படத்தின் முன் வெகுநேரம் நின்றார்.

"இது நிறைவு இல்ல சார். அந்தக் கையைப் பாருங்க. வலி தாங்காம அழுத்திப் புடிச்சிகினு இருக்கேன். இனிமே ரொம்ப நாள் ஆட முடியாதுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. யாருக்கும் சொல்லல."

பிறகு கேட்டார்.

"இதை எடுத்துடுங்களேன். எங்க கூத்து ஜமா ஆளுங்க பாத்தா கண்டுபுடிச்சிடுவாங்க. இன்னும் ஒரு வருசம் ஆடிக்கிறேன்."

"கண்காட்சி இன்னும் நாலு நாள்தானே அண்ணே" என்றேன்.

"ஆங்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் படம் நாளிதழில் வந்தது. ஜமாவை நடத்தும் கூத்து வாத்தியார் அதைப் பார்த்துவிட்டு அண்ணன் வீடு தேடிப் போய், காலைக் காட்டச் சொன்னாராம். அந்த ஆண்டு திரௌபதி வேடம் வேறொருவருக்குப் போனது. அண்ணன் அதன்பின் ஆடவில்லை. பின்பாட்டுக்காரர்களோடு நின்று பாடினார்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். முதலில் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

"நீங்க காட்டலன்னா ஆடறப்ப சபையில உழுந்திருப்பேன் சார். வுடுங்க" என்றார்.

அப்போது அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. மெய்யாகவே சொன்னாரா, என்னைத் தேற்றச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது. இனிக் கேட்கவும் வழியில்லை.

காரியத்தன்று படத்தைச் செல்வியிடம் கொடுத்துவிட்டேன். என்னிடம் இருப்பது அந்த 'வுடுங்க' ஒன்றுதான். விட முடியவில்லை அண்ணே.