முழு மிதி மிதிக்காத விமானம்

என் வீட்டுக்காரர் மாதேஸ்வரனிடம் ஒரு கேள்வி கேட்டால் பதில் வராது, இரண்டு கேள்வி வரும். ஏற்காட்டில் மேற்கே பார்த்த மலை விளிம்பில் அவர் டெலஸ்கோப் காட்டுகிறார். பக்கத்தில் நான் மிளகாய் பஜ்ஜி போடுகிறேன். மேட்டூர் அணையைப் பார்க்க யாராவது கண்ணை வைத்தால் போதும், "போன வாரத்துக்கு இப்பத் தண்ணி கம்மிங்க, கவனிச்சீங்களா?" என்பார். சுற்றுலா வந்தவன் போன வாரத் தண்ணியை எங்கே கண்டான்? அவனுக்குப் பஜ்ஜி ஆறிக்கொண்டிருக்கும்.

முன்பு அவர் தலைச்சோலைப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் லாரி ஓட்டினார். காப்பி மூட்டையோடு சேலத்துக்கு இறங்குவார், உர மூட்டையோடு ஏறுவார். ஒன்பது வருடத்துக்கு முன்னால் கிளை முறிந்து விழுந்ததில் முழங்கால் போயிற்று. லாரியை விட்டார், லாரிக்காரப் புத்தியை விடவில்லை. வண்டி கண்ணில் படும் முன்பே சத்தத்தை வைத்து, "இவன் அரை மிதி மிதிக்கிறான், அடுத்த வளைவுல நிக்கப் போறான் பாரு" என்பார். பல நாள் அப்படியே நடந்தும் விடும், அதனால் கர்வம் வேறு. எங்கள் மலையில் ஓட்டுகிறவர்களுக்கு அது சட்டம் மாதிரி. ஏற்றம் வந்தால் ஆக்சிலேட்டரை முழு மிதி மிதிக்க வேண்டும், அரை மிதி மிதித்தவன் பின்னால் உருளுவான்.

போன சித்திரையில் டெலஸ்கோப்பை ஓமலூர் பக்கம் திருப்பியவருக்கு விமான நிலையம் சிக்கியது. வானம் தெளிவாக இருந்தால் விமானம் ஒரு வெள்ளைப் புள்ளியாக ஓடி எழும்புவது தெரியும். அன்றையிலிருந்து பித்துப் பிடித்துக்கொண்டது. ஓடத் தொடங்கியதிலிருந்து தரையை விடும்வரை எத்தனை செகண்டு என்று கைக்கடிகாரத்தில் பார்த்து நோட்டில் எழுதினார். எழுதி என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேட்டேன். "எழுதினாத்தானே தெரியும்" என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டு மாவு கரைக்கப் போனேன்.

மார்கழியில் எங்கள் மகள் வெண்ணிலாவுக்கு ஐதராபாத்தில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ் வேலை கிடைத்தது. ஆர்டர் வந்தது வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலையில் போய்ச் சேராவிட்டால் பட்டியலில் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள். ரயிலில் இடமில்லை. மருத்துவமனைக்காரர்களே ஞாயிற்றுக்கிழமை விமானத்துக்கு டிக்கெட் அனுப்பினார்கள். எனக்குச் சந்தோஷத்தில் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அவர் நோட்டோடு வந்து நின்றார்.

"புள்ள அந்த விமானத்துல போக வேண்டாம்."

"ஏனுங்க, நல்லாத்தானே இருக்கறீங்க?" என்றேன்.

நோட்டை விரித்துக் காட்டினார். சித்திரை வெயிலில் முப்பது செகண்டு. இந்த மார்கழிக் குளிரிலும் முப்பது. "குளிர்ல இஞ்சின் நல்லா இழுக்கும், லாரியில பழகுன எவனுக்கும் தெரியும். வெயில் காலத்துக்கு இப்ப நாலஞ்சு செகண்டாவது முன்னாடி ஏறோணும். ஏறல. ஒண்ணு இஞ்சின் தளர்ந்து போச்சு, இல்ல ஓட்டறவன் அரை மிதி மிதிக்கறான். ரெண்டும் ஆகாது."

வெண்ணிலா தன் பாட்டுக்குத் துணியை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். எனக்குத்தான் வயிறு எரிந்தது. நாலு வருடம் படித்து வாங்கிய வேலை இந்த மனுஷனின் நாலு செகண்டில் போய்விடுமா? திட்டித் தீர்த்தேன். அவர் ஒற்றைக் காலில் நின்றார். கடைசியில், விமான நிலையத்தில் விவரம் தெரிந்த யாரிடமாவது கேட்ட பிறகுதான் பெட்டியைக் கொடுப்பேன் என்ற நிபந்தனையோடு மறுநாள் பஸ் ஏறினார். வழி நெடுகப் பெட்டி அவர் மடியில்தான் இருந்தது.

விமான நிலைய வாசலில் போலீஸ்காரர் டிக்கெட் கேட்டார். வெண்ணிலா கொடுத்தாள். இவர் பெட்டியைக் கொடுக்கவில்லை. "ஏனுங்க சார், இந்த விமானத்துக்கு முழு பலம் குடுக்கறாங்களா, இல்லீங்களா?" என்று போலீஸ்காரரையே பிடித்துக்கொண்டார். அவர் பாவம், முழித்தார். எனக்கு மானம் போயிற்று.

வரிசையில் பின்னால் நின்ற ஒரு பெண், முப்பது வயதிருக்கும், முன்னால் வந்தாள். "என் பேரு ஃபெபி. நான் பைலட்தாங்க. லீவுக்கு வந்துட்டு ஐதராபாத்துக்கு வேலைக்குத் திரும்பறேன். என்ன சந்தேகம் உங்களுக்கு?" என்றாள்.

அவர் நோட்டை நீட்டினார். அந்தப் பெண் சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. நாலு பக்கம் புரட்டிவிட்டு, "இதை மலை மேல இருந்தா பாத்தீங்க?" என்று கேட்டாள். இவர் தலையாட்டினார்.

"சரியாத்தான் பாத்திருக்கீங்க. நாங்க முழு பலம் குடுக்கிறதில்லை."

இவர் பெட்டியை இறுக்கிக்கொண்டார்.

"இந்த விமானத்துக்கு முழு பலம் நூறுன்னா, சாதாரணமா தொண்ணூறுலதான் கிளம்புவோம். ஏறும்போது ஒரு இஞ்சின் நின்னுட்டா இன்னொண்ணு தானாவே நூறுக்குப் போயிடும். குளிர் நாள்ல இன்னும்கூடக் குறைச்சுக்குவோம். அதான் உங்க நோட்டுல ரெண்டும் முப்பதா வருது. ஓடுபாதை எவ்வளவு நீளம், காத்து எப்படி, எத்தனை பேர் ஏறியிருக்காங்க எல்லாத்தையும் கணக்குப் போட்டு, பாதி வழியில இஞ்சின் நின்னாலும் பாதைக்குள்ள நிறுத்த முடியுமா, இல்லைன்னா ஏற முடியுமான்னு பாத்துத்தான் குறைப்போம். பாதை சரியில்லை, காத்து சரியில்லைன்னா குறைக்க மாட்டோம்."

"குறைச்சா என்னுங்க லாபம்?"

"இஞ்சின் சூடாகாது, தேயாது. ரொம்ப நாள் உழைக்கும். நான் இப்ப ஓட்டற பெரிய விமானத்துல இன்னொரு வழி இருக்கு. வெளியில இருபது டிகிரி இருக்கும், நாங்க கம்ப்யூட்டர்கிட்ட ஐம்பதுன்னு சொல்லுவோம். அவ்வளவு வெயில்ல என்ன பலம் வருமோ அதை மட்டும் இஞ்சின் குடுக்கும்."

இவர் முகம் மாறியது. பயம் இருந்த இடத்தில் அந்தப் பழைய பித்து வந்து உட்கார்ந்தது. "மெஷின்கிட்டயே பொய் சொல்றீங்களா?"

"கணக்குப் போட்ட பொய்ங்க. வேணும்னா கைப்பிடியைத் தள்ளினா முழு பலமும் வந்துடும்."

"எங்க மலையில அப்படிப் பண்ணினா வண்டி உருண்டுருமுங்க."

"உங்களுக்கு வளைவுக்கு முன்னாடி வேகம் எடுக்க இடம் கிடையாது. எங்களுக்குப் பாதை மிச்சம் இருக்கு. அந்த மிச்சத்தைத்தான் செலவு பண்றோம். நானும் இதே விமானத்துலதாங்க போறேன்."

அத்தோடு விட்டாரா? சக்கரம் எப்போது உள்ளே மடங்கும், மழை பெய்தால் கணக்கு எப்படி மாறும் என்று வரிசையாகக் கேட்டார். அந்தப் பெண்ணும் சளைக்காமல் சொன்னாள். பெட்டி எப்போது அவர் கையை விட்டுத் தரைக்கு வந்தது என்று அவருக்கே தெரியாது. வெண்ணிலா அதை எடுத்துக்கொண்டாள்.

"அப்பா," என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. "எட்டு மாசமா இது எத்தன செகண்டுல ஏறுதுன்னு எழுதிட்டு இருக்கறீங்க. நான் எந்த வார்டுல சேரப் போறேன்னு தெரியுங்களா?"

அவர் என்னைப் பார்த்தார். எனக்குத் தெரியும், ஆனால் எடுத்துக் கொடுக்கவில்லை. இந்தக் கேள்வி இவருக்கு வேண்டும் என்று உள்ளுக்குள் ஒரு கெட்ட திருப்தி.

"சொல்லு சாமி," என்றார்.

"தீக்காய வார்டுங்கப்பா. மொதல் ஆறு மாசம் அங்கதான்."

இருபத்தைந்து வருடத்தில் அவர் கேள்வியில்லாமல் நின்று அன்றைக்குத்தான் பார்த்தேன். போலீஸ்காரர் அடுத்தவருடைய டிக்கெட்டை வாங்கத் தொடங்கிவிட்டார். ஃபெபி சற்றுத் தள்ளிப் போய் நின்றாள்.

"பயமா இருக்குதா கண்ணு?" என்று கேட்டார்.

வெண்ணிலா பெட்டியின் கைப்பிடியைப் பார்த்துக்கொண்டு, "நொம்பப் பயமா இருக்குதுங்கப்பா" என்றாள். அப்புறம் உள்ளே போய்விட்டாள்.

ஆர்டர் வந்த நாளிலிருந்து முறுக்கு சுட்டேன், போர்வை வாங்கினேன், ஊரெல்லாம் சொன்னேன், அவரை வாய் ஓயாமல் திட்டினேன். பயமா இருக்குதா என்ற அந்த ஒரு வார்த்தையை நானும் அவளிடம் கேட்டிருக்கவில்லை.